நாலு ஏக்கர் காடும் இருபது மிஷினும்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 12 மிஷின் வைத்து ஜாப் ஒர்க் (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைப்பது) செய்கிறார், வயது 46, மகள் பிளஸ் டூ படிக்கிறாள். செயற்கை நுண்ணறிவு, ரோபோ, அமெரிக்க வரி, வெயில், மக்கள்தொகை என்று தினமும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், இன்னும் 20 வருடத்தில் உலகம் எந்தப் பக்கம் போகும் என்பது அவர் கேள்வி. ஆனால் விஷயம் கடைசி வரியில் இருக்கிறது. அப்பா காலத்து நாலு ஏக்கர் காட்டை (நம் பக்கம் விளைநிலத்தை அப்படித்தான் சொல்வோம்) விற்று இன்னும் 20 மிஷின் போடலாமா, மகளை இந்தத் தொழிலில் இறக்கலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார். உலகத்தின் போக்கை நான் தப்பாகச் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்குக் காடு போய்விடும். அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1988-ல் ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கோவையில் ஒரு நூற்பாலையில் ஒன்பது வருடம் ஷிப்ட் பார்த்தேன். 1997-லிருந்து திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளில் ஐ.இ. (தொழிற்பொறியியல்) வேலை. கையில் ஸ்டாப்வாட்ச்சோடு தையல் லைனில் நின்று, கழுத்துப் பட்டி வைக்க எத்தனை நொடி, கை ஏற்ற எத்தனை நொடி என்று எண்ணுகிற வேலை அது. இப்போது சில வருடங்களாகச் சிறு யூனிட்டுகளுக்கு லைன் அமைத்துக் கொடுக்கிறேன். அதனால் துணி, தையல் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஃபவுண்டரி, பம்ப் பற்றிச் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடத்தில் எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவோ பேச்சு கேட்டுவிட்டேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று யோசித்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றின் விளைவு மெதுவாக நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால் அது வந்தே தீரும். இனிமேல் யாரோ எடுக்கவேண்டிய முடிவைப் பொறுத்தது என்றால் அதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாடு இவ்வளவு துணிதான் அனுப்பலாம் என்ற ஏற்றுமதி கோட்டா 2005 ஜனவரி 1-ல் ஒழியும் என்பது அதற்குப் பத்து வருடம் முன்பே ஒப்பந்தமாகி எழுதப்பட்ட விஷயம். அதை நம்பி 2002, 2003-லேயே ஷெட் போட்டு ஆள் பழக்கியவர்கள் பின்னால் வளர்ந்ததை நேரில் பார்த்தேன். 2025 ஆகஸ்ட் அப்படி இல்லை. 7-ம் தேதி அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டது, 27-ம் தேதி அதற்கு மேல் இன்னொரு 25 ஏற்றியது. ஜூலையில் எனக்குத் தெரிந்த எந்த முதலாளியின் கணக்கிலும் 50 என்ற எண் இல்லை. நீங்கள் படிக்கிற ஒவ்வொரு கணிப்பையும் இந்த இரண்டு கூடையில் எதில் போடுவது என்று முதலில் பாருங்கள்.

முதல் கூடையில் முதலில் போடவேண்டியது ஆள் கணக்கு. 2043-ல் 20 வயதாகிறவர் 2023-லேயே பிறந்துவிட்டார். அந்த வருடம் எத்தனை பேர் பிறந்தார்களோ அதற்கு மேல் இனி ஒருவர்கூடக் கூடப்போவதில்லை. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால்தான் மக்கள்தொகை குறையாமல் நிற்கும். 2020-ம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 1.4. நம் கொங்குப் பக்கம் இந்தச் சரிவு இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட வீடுகளை எண்பதுகளிலேயே நம் தோட்டத்துச் சாளைகளில் பார்த்திருப்பீர்கள். அரசுக் கணிப்பின்படி 2021-லேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் மேல்.

சரி, வடக்கே இருந்து ஆள் வருகிறார்களே என்பீர்கள். நான் 1997-ல் திருப்பூருக்கு வந்தபோது லைனில் இருந்தவர்கள் தேனி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த வரத்து மெலிந்தது. அப்புறம் ஒடிசா, பிகார், ஜார்கண்ட், அசாம். இப்போது அந்த ஊர்களின் எண்ணைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒடிசா 1.8, மேற்கு வங்கம் 1.6, ஜார்கண்ட் 2.3. பிகார் மட்டும் 3.0, அதுவும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதாவது நம் கம்பெனி விடுதிகளில் தங்கியிருக்கும் ஒடிசாத் தம்பிகளின் ஊரிலேயே அடுத்த தலைமுறை சிறுத்துவிட்டது. அதோடு அந்த மாநிலங்களும் தையல் கம்பெனிகளுக்கு மானியம் கொடுத்துக் கூப்பிடுகின்றன. மத்திய அரசின் ஏழு பெரிய ஜவுளிப் பூங்காக்களில் ஒன்றுதான் தமிழ்நாட்டுக்கு, அதுவும் விருதுநகரில். மற்றவை உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று ஆள் இருக்கும் இடத்தைத் தேடிப் போயிருக்கின்றன. வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைத்தால் இரண்டு நாள் ரயிலேறி இங்கே ஏன் வரவேண்டும்?

இது நம் ஊர் விஷயம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். சீனாவின் மக்கள்தொகை 2022-லிருந்து குறைகிறது. தென் கொரியாவின் எண் 2023-ல் 0.72-க்கு இறங்கிவிட்டது. உலக மக்கள்தொகையே 2080-களில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024-ம் ஆண்டுக் கணிப்பு. 2080 பற்றிய எண்ணை நான் ஓர் ஊகமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த 20 வருடத்துக்கு உழைக்கும் கைகள் குறையும், அந்தக் கைகளுக்கு உலகமெங்கும் போட்டி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் நர்ஸும் வெல்டரும் வேண்டும். நம் பிள்ளைகள் அங்கே போவார்கள்.

இதனால்தான் உங்கள் 20 மிஷின் யோசனை எனக்கு நெருடுகிறது. மிஷின் வாங்குவது அரை நாள் வேலை. அதில் உட்கார 20 டெய்லர், அவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்து அடுக்கக் கைமடி ஆள், செக்கிங் பார்க்க ஆள் என்று இன்னும் ஏழெட்டுப் பேர் வேண்டும். நான் போகிற யூனிட்டுகளில் கேட்கிற முதல் வார்த்தை "ஆர்டர் இருக்குதுங்க, ஆள்தான் வர்றதில்லீங்க" என்பது. திங்கட்கிழமை காலை உறை போட்டு மூடிக் கிடக்கும் மிஷின்களை எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நீங்கள் வாங்க நினைக்கிற 20-ல் எத்தனை தினமும் ஓடும்?

ஆளைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும், இதை நான் மிகவும் நம்புகிறேன். ஆள் இல்லை என்று சொல்லும் அதே ஊரில், கை தேர்ந்த டெய்லர் பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வீடு திரும்ப முடியாததால் வேலையை விட்டவர்கள். காங்கயம் ரோட்டில் ஒரு சின்ன யூனிட்டில் காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை என்று ஒரு லைனை மட்டும் பிரித்து வைத்தோம். ஒன்றரை ஷிப்ட் கேட்கக் கூடாது, கழிவறை சுத்தமாக இருக்கவேண்டும், சனிக்கிழமை சம்பளம் தள்ளக் கூடாது என்று மூன்றே ஏற்பாடு. இரண்டு மாதத்தில் அந்த லைன் நிறைந்தது, நின்றும் விட்டது. தினமும் ஆறரை மணி நேரம் தவறாமல் வருகிற கை, பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வாரத்தில் இரண்டு நாள் காணாமல் போகிற கையைவிட அதிக பீஸ் கொடுத்ததை நானே எண்ணியிருக்கிறேன். ஆள் குறையப்போகிற உலகத்தில் ஆளை மரியாதையாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்குத்தான் தொழில் நிற்கும்.

அடுத்து ரோபோ. இங்கே உறுதியானதையும் சந்தேகமானதையும் கவனமாகப் பிரிக்கவேண்டும். நூற்பாலையில் நான் கண்ணால் பார்த்தது இது: வைண்டிங்கில் அறுந்த நூலைக் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்களின் இடத்தைத் தொண்ணூறுகளில் ஆட்டோகோனர் என்ற நூல் சுற்றும் தானியங்கி எடுத்துக்கொண்டது. நெசவில் ஏர்ஜெட் தறிகள் வந்தன, சோமனூர், பல்லடத்தில் விசைத்தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பனியன் கம்பெனியிலும் துணி விரிப்பதும் வெட்டுவதும் பெரிய இடங்களில் தானியங்கிதான். ஆனால் தையல் மட்டும் அடங்காமல் நிற்கிறது. காரணம் துணி. இரும்புத் தகடு வைத்த இடத்தில் இருக்கும். பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியை வெட்டினால் ஓரம் சுருளும், இழுத்தால் நீளும், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு துண்டைப் பிரித்து, ஓரம் சேர்த்து, வளைவில் கொஞ்சம் இழுத்துக் கொடுத்துத் தைப்பதை ஒரு பெண் யோசிக்காமல் செய்கிறாள். அந்தக் கை உணர்வை இயந்திரத்துக்குக் கொடுப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது.

அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியில் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவில் அட்லாண்டாவிலும் ரோபோக்களை வைத்து ஷூ செய்யும் தொழிற்சாலைகளைத் திறந்தபோது, ஆசியாவின் வேலையெல்லாம் திரும்பப் போய்விடும் என்று பேச்சு. இங்கே எங்கள் கம்பெனியிலும் அதைப் பற்றிக் கூட்டம் போட்டோம். 2019 நவம்பரில் அந்த இரண்டையும் மூடப்போவதாக அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது, அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவில் இருக்கும் சப்ளையர்களிடம் கொடுத்தது. இதை வைத்து ரோபோ வராது என்று நான் சொல்லமாட்டேன். பாக்கெட் வைக்க, லேபிள் வைக்க, அடி மடிக்கத் தனித்தனி தானியங்கி மிஷின்கள் ஏற்கெனவே ஓடுகின்றன. என் கணிப்பு: ஒரு முழு டி-ஷர்ட்டை ஆள் தொடாமல் மலிவாகத் தைக்கும் மிஷின் அடுத்த பத்து வருடத்தில் பல்லடத்துக்கு வராது, ஆனால் லைனில் பத்தில் மூன்று நான்கு வேலைகள் ஒவ்வொன்றாகத் தானியங்கி ஆகும். இது கணிப்புதான், கூடை இரண்டில் போடுங்கள். கடன் வாங்கிப் பத்து வருடம் கட்டுவதாக இருந்தால், எட்டாவது வருடத்தில் வாங்கின மிஷின் பழசாகிவிடும் என்ற பயம் நியாயமானது.

செயற்கை நுண்ணறிவு முதலில் தொடுவது தையல்காரரை அல்ல, ஆபீஸை. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு நான் பார்க்கும் மெர்ச்சண்டைசிங் (ஆர்டர் கவனிக்கும்) டிபார்ட்மென்டுகளில் பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குபவருக்குப் பதில் எழுதுவது, டெக் பேக் என்கிற ஆடை விவரக் குறிப்பிலிருந்து அளவுப் பட்டியல் எடுப்பது, விலைக் கணக்கான காஸ்டிங் ஷீட்டைச் சரிபார்ப்பது எல்லாம் மாறிவிட்டன. உலக வேலைகளில் சுமார் 40 சதவீதத்தை இது ஏதோ ஒருவகையில் தொடும் என்று சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் சொன்னது. தொடும் என்றால் ஒழிக்கும் என்று பொருளில்லை. அதில் எத்தனை ஒழியும், எத்தனை வளரும் என்று இன்று யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் அளவு யூனிட்டுக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. ஆங்கிலம் தெரிந்த ஆளை வைக்க வசதியில்லாததால் பெரிய கம்பெனியின் கீழேயே ஜாப் ஒர்க் செய்தவர்கள், இனி நேரடியாக ஒரு சின்ன பையரிடம் பேச முடியும். போனில் தமிழில் சொன்னதை இந்தியிலோ ஒடியாவிலோ கேட்கவைத்து வேலை சொல்லும் சூப்பர்வைசர்களும் வந்துவிட்டார்கள்.

இப்போது எல்லோரும் குறைவாகப் பேசுகிற, ஆனால் நான் மிகவும் உறுதியாக இருக்கிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அதற்குப் பெயர் சாட்சி. நீங்கள் தைத்த துணியின் பஞ்சு எங்கே விளைந்தது, சாயத் தண்ணீர் எங்கே போனது, தைத்தவருக்கு என்ன சம்பளம், எந்த மின்சாரம் என்று கேட்டு, எழுத்தில் காட்டச் சொல்லும் காலம் இது. இதன் வேர் நம் ஊரிலேயே இருக்கிறது. நொய்யலில் விட்ட சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அதற்குக் கீழே இருந்த தோட்டங்களைப் பாழாக்கியது. விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. அந்த மாதங்களில் ஒரு ஷிப்மென்ட்டுக்காகத் துணியை வெளியூர் லாரியில் ஏற்றிவிட்டு இரவெல்லாம் காத்திருந்திருக்கிறேன். ஆனால் கோபம் வந்தபோதெல்லாம் அந்த அணைக்குக் கீழே காய்ந்து நின்ற தென்னைகள் ஞாபகம் வரும். அவர்கள் கேட்டது நியாயம். இன்று ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஊர் என்று திருப்பூர் பையர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அடி வாங்கிக் கற்றுக்கொண்டது இப்போது நம் பலமாகிவிட்டது.

வெளியிலும் அதே திசைதான். சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பஞ்சு கலந்த துணியைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் அமலானது, அதிலிருந்து பஞ்சின் ஊர் பெயரைக் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் கொண்டுவந்த பொருள் வடிவமைப்புச் சட்டம், ஆடைகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (எதனால், எப்படிச் செய்தது என்று காட்டும் மின்பதிவு) கொண்டுவர வழி செய்கிறது. விற்காத துணியைப் பெரிய கம்பெனிகள் அழிக்கக் கூடாது என்ற விதி 2026 ஜூலை 19 முதல் என்று அதிலேயே தேதி போட்டிருக்கிறார்கள். தேதிகளை மட்டும் நம்பி முதலீடு செய்யாதீர்கள். கம்பெனிகளின் பொறுப்புச் சட்டம் ஒன்றை 2024-ல் நிறைவேற்றிவிட்டு 2025-ல் அவர்களே தள்ளிவைத்தார்கள். தேதி நகரும், திசை மாறாது என்பது என் அனுபவம். அப்புறம் இதிலிருந்து நான் ஊகிப்பது: விற்காததை எரிக்க முடியாது என்றால், பையர் 50,000 பீஸ் ஒரே ஆர்டராகக் கொடுக்கத் தயங்குவார். 3,000 பீஸ் கொடுத்து, ஓடினால் திரும்பக் கேட்பார். பெரிய லைனுக்கு அது தலைவலி. 12 மிஷின்காரருக்கு அது வாய்ப்பு. ஸ்டைல் மாற்றும்போது லைன் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் அங்கே லாபத்தைத் தீர்மானிக்கும்.

நூலின் போக்கும் மாறியிருக்கிறது. உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர், பருத்தி ஐந்தில் ஒரு பங்குதான். நம் ஊரோ பருத்தியில் வளர்ந்தது. 2022-ல் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது எத்தனை பேர் படுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விளையாட்டு உடைகள் இன்னும் பெருகும் என்பதால், ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த பாலியஸ்டரைத் தைக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தத் துணியில் ஊசி சூடேறி இழை உருகும், வேகம் குறைக்கவும் சரியான ஊசி போடவும் தெரியவேண்டும். இதற்குப் புது மிஷின் அவசியமில்லை, பழக்கம்தான் அவசியம்.

வரியும் வியாபார ஒப்பந்தங்களும் இரண்டாவது கூடை. 2024-25-ல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் அமெரிக்காவுக்குப் போனது. ஒரே ஓர் அறிவிப்பு அதை ஆட்டிவிட்டது. மறுபக்கம் பிரிட்டனோடு 2025 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பங்களாதேஷ் ஏழை நாடுகள் பட்டியலிலிருந்து 2026 நவம்பரில் வெளியேறுவதாகத் திட்டம் போட்டிருந்தார்கள், அதனால் கிடைத்துவந்த வரிச் சலுகைகள் பின்னால் குறையும். இவற்றில் எது எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டுக் காட்டை விற்கக் கூடாது. செங்கடலில் 2023 கடைசியில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, பத்து நாளுக்கு மேல் கூடியது, அதற்கும் சேர்த்து நம்மிடம்தான் விலை குறைக்கச் சொன்னார்கள். 2020 மார்ச்சில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஓர் ஐரோப்பிய பையர் பேக்கிங் முடிந்த ஆர்டரை கேன்சல் செய்தார். எங்களை மட்டும் நம்பியிருந்த ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் நான்கு திரும்பத் திறக்கவே இல்லை. அந்த நான்கு முதலாளிகளின் முகமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காதர்பேட்டை (திருப்பூரின் உள்நாட்டு மொத்தச் சந்தை) வியாபாரமும் கையில் வைத்திருந்தவர்கள் மெல்ல எழுந்தார்கள்.

வெயில் மறுபடி முதல் கூடை. காற்றில் ஏற்கெனவே விட்ட புகையின் கணக்கு அது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஒன்றரை டிகிரி கூடிய முதல் முழு ஆண்டு 2024. 2030-க்குள் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வெப்பத்தால் வீணாகும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-லேயே கணித்தது. ஷீட் கூரைக்குக் கீழே சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு மேல் பீஸ் எண்ணிக்கை இறங்குவதை நான் ஒவ்வொரு வருடமும் எழுதி வைக்கிறேன். கூரைக்கு வெள்ளை பெயின்ட், மேலே காற்றுச் சுழலி, பக்கத்தில் ஈரக் காற்று மின்விசிறி, இவை ஒரு மிஷின் விலைக்குள் முடியும். மின்சாரத்தில் நல்ல செய்தி உண்டு. 2010-லிருந்து சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு பத்தில் ஒன்றாக இறங்கிவிட்டது, பேட்டரியும் அதே வழியில். 1930-களில் பைக்காரா கரண்ட் வந்ததுதான் கோவையில் ஆலைகள் பெருகவும், கிணற்றில் மோட்டார் இறங்கவும் காரணம். கேத்தனூரிலும் பூளவாடியிலும் ஆடிக்காற்றில் சுழல்கிற காற்றாலைகளைப் பார்க்கும்போது, நம் பக்கம் மறுபடி அப்படி ஒரு காலத்தின் தொடக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மற்ற தொழில்களைப் பற்றி வேகமாக. மின் வாகனம் பெருகினால் இன்ஜின் பாகம் செய்கிற கோவை ஒர்க்‌ஷாப்புகளுக்கு வேலை குறையும், ஆனால் 1937-லேயே மின் மோட்டார் செய்த ஊருக்கு மோட்டார் புதிதல்ல. இரும்புக்கான ஐரோப்பிய கார்பன் வரி 2026 ஜனவரி 1-ல் முழுமையாகத் தொடங்கியது, அது ஃபவுண்டரிக்காரர்கள் கவனிக்கவேண்டியது. துணிக்கு அந்த வரி இப்போது இல்லை.

இனி உங்கள் காடு. என் பதில்: விற்கவேண்டாம். 20 மிஷின் என்பது ஆள் பெருகும், ஆர்டர் பெருகும் என்ற ஒரே கணிப்பின்மேல் நாலு ஏக்கரையும் வைப்பது. அதில் ஆள் பெருகும் என்ற பாதி தவறு என்று உறுதியாகவே தெரிகிறது. காடு போனால் திரும்பாது. மிஷினையோ வாங்கின விலைக்குத் திரும்ப விற்க முடியாது. அதற்கு முன்னால் இருக்கிற 12 மிஷினைப் பாருங்கள். நான் போகிற சிறு யூனிட்டுகளில் லைன் திறன் (நேரக் கணக்குப்படி தைக்கவேண்டியதில் உண்மையில் தைப்பது) பெரும்பாலும் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வெட்டிய துணியின் பண்டல் தேடுவது, நூல் மாற்றுவது, பழுதைப் பிரித்துத் தைப்பது இவற்றில் மீதி போகிறது. அதை 55-க்குக் கொண்டுவந்தால் 12 மிஷின் பதினாறரை மிஷின் வேலை செய்யும். நாலு மிஷின், நாலு டெய்லர் இலவசமாகக் கிடைத்த மாதிரி. அது நடந்த பிறகு நூல் தானாக வெட்டும் மிஷின்கள் நாலைந்து, இரண்டு வருடத்தில் அடைகிற கடனில் வாங்கலாம். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) இல்லையென்றால் உடனே செய்யுங்கள், 45 நாளுக்குள் பில் பணம் கேட்க உங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: உங்களுக்கு ஏற்கெனவே வெளிவட்டிக் கடன் இருந்தால், அதை அடைக்க ஓர் ஏக்கர் விற்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். கேள்வியில் அது இல்லை, அதனால் இங்கே நிறுத்துகிறேன்.

மகள் விஷயத்தில், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் அவளிடம் கேளுங்கள். அவளுக்கு இதில் ஆர்வம் இருந்தால், டெய்லரிங் தெரிந்த முதலாளியாக மட்டும் இறக்காதீர்கள். ஜவுளிப் பொறியியலோ தொழிற்பொறியியலோ கணக்கியலோ படிக்கட்டும், கூடவே கம்ப்யூட்டரில் தரவு பார்க்கப் பழகட்டும். பையர் கேட்கிற சாட்சிகளை ஒழுங்காக வைத்துக் காட்டத் தெரிந்த ஆள் இன்று திருப்பூரில் மிகவும் குறைவு, சிறு யூனிட்டில் அநேகமாக இல்லை. கோடிங் மட்டும் படித்தால் வேலை நிச்சயம் என்று சொல்ல ஐந்து வருடம் முன்பு இருந்த தைரியம் எனக்கு இப்போது இல்லை, அது போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். விடுமுறையில் ஒரு மாதம் உங்கள் செக்கிங் டேபிளில் உட்காரட்டும். அவளுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் 12-ல் எத்தனை ஓவர்லாக், எத்தனை பிளாட்லாக், எத்தனை சிங்கர், எட்டு மணி நேர ஷிப்டுக்கு எத்தனை பீஸ் இறங்குகிறது, எந்த ஸ்டைல், இதை மட்டும் இங்கேயே எழுதுங்கள். உங்கள் திறன் 40-ஆ 50-ஆ என்று கணக்குப் போட்டு, எந்த ஆபரேஷனில் தேங்குகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுதுகிறேன்.